வயரைச் செருகினால் போதுமா?

மட்டாஞ்சேரி, கொச்சியின் பழைய வியாபார ஊர். காயல் ஓரத்தில் இருக்கிறது. 1555-ஆம் ஆண்டு வாக்கில் கட்டிய அரண்மனை ஒன்று அங்கே உண்டு. 1568-இல் கட்டிய யூதர் கோயிலும் உண்டு. பஜார் ரோட்டில் நடந்தால் சுக்கு வாசனை வரும். மிளகு வாசனை வரும். ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் கழுத்தில் கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு நடப்பார்கள். பழைய சுவரைப் படம் எடுப்பார்கள். பழைய கதவைப் படம் எடுப்பார்கள். மூட்டை சுமக்கிற ஆளையும் படம் எடுப்பார்கள். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுத்தால் நல்லது.

ஊர்க்காரர்களும் படம் எடுக்கிறார்கள். கல்யாணம், காதுகுத்து, பள்ளிக்கூட ஆண்டு விழா என்று எதையும் விடுவதில்லை.

முன்பு கேமராவுக்குள் ஃபிலிம் ரோல் போடுவார்கள். ஒரு ரோலில் 36 படம். ரோல் முடிந்ததும் ஸ்டுடியோவில் கொடுப்பார்கள். ஸ்டுடியோக்காரர் அதை இருட்டறையில் கழுவுவார். நெகட்டிவ் கிடைக்கும். அதிலிருந்து படம் அச்சுப் போடுவார். எடுத்தவருக்குக் கேமராவை அழுத்தத் தெரிந்தால் போதும். மற்றதெல்லாம் ஸ்டுடியோக்காரர் பாடு.

இன்று பெரும்பாலான கேமராக்களில் ஃபிலிம் இல்லை. உள்ளே ஒரு சிறு அட்டை இருக்கிறது. பெரிய தபால்தலை அளவுதான் இருக்கும். அதன் பெயர் மெமரி கார்டு. அதில் ஆயிரக்கணக்கான படங்கள் அடங்கும். இந்த வகைக் கேமராவுக்கு டிஜிட்டல் கேமரா என்று பெயர்.

முதல் டிஜிட்டல் கேமராவை 1975-இல் அமெரிக்காவில் செய்தார்கள். கோடாக் கம்பெனியின் இன்ஜினியர் ஸ்டீவன் சாசன் செய்தார். அதன் எடை மூன்றரைக் கிலோவுக்கு மேல். ஒரு படத்தைப் பதிய 23 வினாடி பிடித்தது. பாட்டுக் கேட்கிற கேசட் போன்ற ஒரு கேசட்டில் அது படத்தைப் பதிந்தது. படத்தைப் பார்க்க இன்னொரு இயந்திரம் வேண்டியிருந்தது. அந்த இயந்திரம் கேசட்டைப் படித்து டிவியில் காட்டும். எடுப்பது ஓர் இயந்திரம், காட்டுவது வேறோர் இயந்திரம். இரண்டும் ஒன்றை ஒன்று புரிந்துகொள்ள வேண்டும். அன்று தொடங்கிய அந்தப் பாடு இன்றும் தீரவில்லை.

கல்யாண வீட்டுப் படம்

மட்டாஞ்சேரியில் ஒரு தமிழ்க் குடும்பம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தங்கைக்குக் கல்யாணம் முடிந்தது. அண்ணன்தான் படம் எடுத்தான். மொத்தம் 600 படம். மாப்பிள்ளை வீட்டார் சாயங்கால ரயிலில் ஊருக்குப் போகிறார்கள். அதற்குள் நாலு படமாவது அச்சுப் போட்டுக் கையில் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளையின் பாட்டி கல்யாணத்துக்கு வர முடியவில்லை. அவருக்குக் காட்டத்தான் படம்.

வீட்டில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறது. படத்தைத் திருத்துகிற சாஃப்ட்வேரும் அதில் இருக்கிறது. சாஃப்ட்வேர் என்றால் என்ன? கம்ப்யூட்டர் எந்த வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லும் கட்டளைத் தொகுப்பு. அதைக் கண்ணால் பார்க்க முடியாது. அது செய்கிற வேலையைத்தான் பார்க்க முடியும். படம் திருத்தும் சாஃப்ட்வேரில் இருட்டான படத்தை வெளிச்சமாக்கலாம். ஓரத்தில் தெரிகிற வாளியை வெட்டி எடுத்துவிடலாம். ஃபோட்டோஷாப் என்பது இந்த வேலைக்கு 1990-இல் வந்த சாஃப்ட்வேர். காசு கொடுத்து வாங்க வேண்டும். ஜிம்ப் என்று இன்னொன்று உண்டு. அது இலவசம்.

அண்ணன் வயரின் ஒரு முனையைக் கேமராவில் செருகினான். மறுமுனையைக் கம்ப்யூட்டரில் செருகினான். சாஃப்ட்வேரைத் திறந்தான். கேமரா எதுவும் இல்லை என்று அது சொன்னது. கேமரா கண் முன்னே மேசையில் இருக்கிறது! கழற்றினான். மறுபடி செருகினான். அப்போதும் அதே பதில். பத்துத் தடவை செய்தான். பிறகு ஸ்டுடியோக்காரருக்குப் போன் செய்தான்.

"சேட்டா, வயரைச் செருகி அரை மணி நேரம் ஆச்சு. கேமரா இல்லைன்னே சொல்லுது."

"கேமராவை ஆன் பண்ணினியா தம்பி?"

"ஆன் பண்ணணுமா? வயர்லதான் செருகி இருக்கே!"

"வயர்ல செருகினா போதாது. தூங்குற ஆளைக் கேள்வி கேட்டா பதில் சொல்வானா?"

கேமரா பதில் சொல்ல வேண்டும். அதுதான் இங்கே விஷயம்.

படகு வந்து நின்றால் சரக்கு இறங்கிவிடுமா?

மட்டாஞ்சேரிக்காரர்களுக்கு இதைப் படகை வைத்துச் சொன்னால் உடனே புரியும். சரக்குப் படகு கரைக்கு வருகிறது. கயிற்றைக் கட்டுகிறார்கள். கட்டியவுடன் சரக்கு இறங்கிவிடுமா? இறங்காது. எந்தப் படகு, யாருடைய சரக்கு, எத்தனை மூட்டை என்று குமாஸ்தா கேட்பார். படகில் இருப்பவர் பதில் சொல்ல வேண்டும். பதில் சரியாக இருந்தால்தான் மூட்டை இறங்கும். பிறகுதான் கிட்டங்கிக்குப் போகும்.

கேமரா என்பது படகு. வயர் என்பது கயிறு. கம்ப்யூட்டருக்குள் ஒரு குமாஸ்தா இருக்கிறார். படங்கள்தான் மூட்டைகள். படம் திருத்தும் சாஃப்ட்வேர் கிட்டங்கியில் வேலை செய்கிற ஆள். மூட்டை உள்ளே வந்தால்தான் அவர் கை வைக்க முடியும்.

வயரைச் செருகியதும் கம்ப்யூட்டர் கேமராவிடம் கேட்கிறது. நீ யார்? உன்னைச் செய்த கம்பெனி எது? நீ எந்த மாடல்? நீ என்ன வேலை செய்வாய்? கேமரா எண்களில் பதில் சொல்கிறது. கம்பெனிக்கு ஓர் எண். மாடலுக்கு ஓர் எண். இந்தக் கேள்வி பதில் கண் இமைக்கும் நேரத்தில் நடந்துவிடும். பதில் வந்தால் கம்ப்யூட்டர் கேமராவை அடையாளம் கண்டுகொள்ளும். சில கம்ப்யூட்டர்களில் 'டிங்' என்று சத்தம் கேட்கும். சத்தம் கேட்கவில்லையா? திரையில் எதுவும் மாறவில்லையா? அப்படியானால் கேள்வியே கேமராவுக்குப் போய்ச் சேரவில்லை என்று சந்தேகப்படலாம்.

இந்த வயருக்கும் அதன் வாய்க்கும் யூ.எஸ்.பி. என்று பெயர். இது 1996-இல் வந்தது. அதற்கு முன் அச்சு இயந்திரத்துக்கு ஒரு வாய், மவுஸுக்கு ஒரு வாய் என்று கம்ப்யூட்டரின் முதுகு முழுக்க ஓட்டைகள். எல்லாவற்றுக்கும் ஒரே வாய் போதும் என்று பல கம்பெனிகள் சேர்ந்து முடிவு செய்தன. இந்த வேலையில் முன்னால் நின்றவர்களில் ஒருவர் அஜய் பட். குஜராத்தில் பரோடாவில் படித்தவர். அமெரிக்காவில் இன்டெல் கம்பெனியில் வேலை செய்தார்.

வயரைச் சந்தேகப்படுங்கள்

அண்ணன் கேமராவை ஆன் செய்தான். அப்போதும் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவில்லை. அடுத்த குற்றவாளி வயர்.

கேமராவுக்கு வழக்கமாகப் பயன்படுகிற யூ.எஸ்.பி. வயரை அறுத்துப் பார்த்தால் உள்ளே நாலு மெல்லிய கம்பிகள் இருக்கும். இரண்டு கம்பி கரண்டுக்கு. மற்ற இரண்டு கம்பி தகவலுக்கு. கேள்வி பதில் எல்லாம் இந்த இரண்டாவது ஜோடியில்தான் போய் வரும். புதிய வகை வயர்களில் இன்னும் அதிகக் கம்பிகள் உண்டு. ஆனால் ரோட்டோரத்தில் மலிவாகக் கிடைக்கிற சில வயர்களில் கரண்டுக் கம்பி மட்டுமே இருக்கும். போனைச் சார்ஜ் செய்ய அது போதும். படம் அதில் வராது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு வயரும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஏமாறாமல் என்ன செய்வது? வயரைச் செருகும்போது சார்ஜ் மட்டும் ஏறி, வேறு ஒன்றும் நடக்கவில்லை என்றால் வயரை மாற்றிப் பாருங்கள். கேமராவோடு பெட்டியில் வந்த வயர் இருந்தால் அதுவே மேல்.

ஒரு வாயிலிருந்து நாலு வாய் பிரிக்கிற கட்டை சில வீடுகளில் இருக்கும். அதில் செருகாமல் நேராகக் கம்ப்யூட்டரின் வாயிலேயே செருக வேண்டும். கட்டையில் கரண்டு பங்கு போய்விடுவது உண்டு. பாட்டரி தீரும் நிலையில் இருந்தாலும் கேமரா பாதியில் தூங்கிவிடும். படம் இறக்குவதற்கு முன் பாட்டரியை நிறைய ஏற்றிக்கொள்வது நல்லது. சில கேமராக்களில் வைஃபை ஓடிக்கொண்டிருந்தால் வயர் வேலை செய்யாது. வைஃபையை நிறுத்திவிட வேண்டும். ஒரு வாய் திறந்தால் மறுவாயை மூடிக்கொள்கிற பிறவி அது.

அண்ணன் வயரை மாற்றினான். 'டிங்' என்று சத்தம் கேட்டது. கம்ப்யூட்டர் கேமராவின் பெயரைக்கூடத் திரையில் காட்டியது. ஆனால் படம் திருத்தும் சாஃப்ட்வேர் இன்னும் இல்லை, இல்லை என்றே சொன்னது. இது என்ன கூத்து?

எந்த மொழியில் பேசுவது?

மட்டாஞ்சேரியில் எத்தனை மொழி! மலையாளம் எல்லோருக்கும் தெரியும். குஜராத்தித் தெருவில் குஜராத்தி கேட்கும். செறளாயி பக்கம் கொங்கணி கேட்கும். கச்சி பேசுகிறவர்கள் உண்டு. தமிழ் பேசுகிறவர்கள் உண்டு. வீட்டுக்குள் எந்த மொழி பேசினாலும் சந்தையில் இருவருக்கும் புரிகிற மொழியில் பேசினால்தான் விலை படியும்.

கேமராக்களின் கதையும் அதுதான். தொடக்கத்தில் ஒவ்வொரு கம்பெனியின் கேமராவும் தன் வீட்டு மொழியிலேயே பேசியது. அதனால் கேமரா வாங்கினால் ஒரு சிடியும் கொடுப்பார்கள். அந்தச் சிடியில் இருப்பதை முதலில் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். அதற்கு டிரைவர் என்று பெயர். வண்டி ஓட்டும் டிரைவர் அல்ல. இது துபாஷி போன்றது. கேமரா சொல்வதைக் கம்ப்யூட்டருக்கு மொழிபெயர்த்துச் சொல்லும். சிடி தொலைந்தால் கேமரா ஊமை.

2000-ஆம் ஆண்டில் இதற்கு ஒரு வழி பிறந்தது. படம் அனுப்புவதற்கென்று ஒரு பொது மொழியை உண்டாக்கினார்கள். அதன் பெயர் பி.டி.பி. அதன் பிறகு வந்த பல கேமராக்கள் சிடி இல்லாமலே பேசின. பி.டி.பி.யை வளர்த்து எம்.டி.பி. என்று இன்னொரு மொழி வந்தது. ஆண்ட்ராய்டு போன்கள் இந்த மொழி பேசுகின்றன. மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. கேமரா தன்னைக் கேமரா என்றே சொல்லாது. நான் ஒரு பென் டிரைவ் என்று சொல்லும். கம்ப்யூட்டரும் நம்பி, அதைத் திறந்து காட்டும். இதற்கு மாஸ் ஸ்டோரேஜ் என்று பெயர்.

பல கேமராக்களில் மெனுவுக்குள் போனால் 'யூ.எஸ்.பி. கனெக்‌ஷன்' என்று ஓர் இடம் இருக்கும். அங்கே இந்த மூன்றில் இரண்டாவது எழுதியிருக்கும். ஒன்றில் வேலை ஆகவில்லை என்றால் மற்றதற்கு மாற்றிப் பார்க்கலாம். 'பிசி ரிமோட்' என்று ஒன்று இருக்கும். அது கம்ப்யூட்டரிலிருந்தே கேமராவை இயக்குவதற்கு. படம் இறக்க அது வேண்டாம்.

போனில் படம் எடுத்தவர்களுக்கும் இதே கதைதான். வயரைச் செருகியதும் ஆண்ட்ராய்டு போன் பொதுவாகச் சார்ஜ் மட்டும் ஏற்றிக்கொள்ளும். போனின் திரையை மேலிருந்து கீழே இழுத்தால் ஒரு செய்தி இருக்கும். அதைத் தொட்டு 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். போனைத் தமிழில் வைத்திருந்தால் இந்தச் சொல்லும் தமிழில் வரும். ஐஃபோன் வேறு மாதிரி. இந்தக் கம்ப்யூட்டரை நம்பலாமா என்று கேட்கும். நம்பலாம் என்று சொன்னால்தான் படத்தைக் காட்டும். பூட்டிய போன் எதையும் காட்டாது. அது நியாயம்தான். திருடன் கையில் போன் கிடைத்தால் வயரைச் செருகிப் படத்தை எடுத்துவிடக் கூடாது அல்லவா?

ஒரு நேரத்தில் ஒருவரோடு மட்டும்

சரி, கம்ப்யூட்டருக்குக் கேமரா தெரிந்துவிட்டது. சாஃப்ட்வேருக்கு மட்டும் ஏன் தெரியவில்லை?

கேமரா பி.டி.பி. மொழியில் பேசும்போது பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரு சாஃப்ட்வேரோடு மட்டுமே பேசும். வயரைச் செருகியவுடன் கம்ப்யூட்டரில் வேறொரு சாஃப்ட்வேர் முந்திக்கொண்டு கேமராவைப் பிடித்திருக்கலாம். படங்களை இறக்கவா என்று ஒரு ஜன்னல் திறந்து நிற்கும். அதை மூடினால்தான் மற்றதற்கு வழி கிடைக்கும். லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் இது அடிக்கடி நடக்கும். ஃபோல்டரைத் திறந்து காட்டும் சாஃப்ட்வேர் கேமராவைப் பிடித்து வைத்திருக்கும். கேரளப் பள்ளிக்கூடங்களில் கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகளுக்கு லினக்ஸ் பழக்கம் உண்டு. அவர்களைக் கேட்டால் கேமராவை எப்படி விடுவிப்பது என்று காட்டுவார்கள். லினக்ஸில் ஜிஃபோட்டோ என்ற இலவசத் துபாஷி இருக்கிறது. 2000-க்கும் மேற்பட்ட கேமரா மாடல்களின் பேச்சு அதற்குத் தெரியும். இதைச் செய்தவர்கள் காசு வாங்கவில்லை.

பலருக்குத் தெரியாத இன்னொரு விஷயமும் உண்டு. படம் திருத்தும் சாஃப்ட்வேர் பலவற்றுக்குக் கேமராவோடு பேசவே தெரியாது. அவை கேமராவைத் தேடுவதும் இல்லை. கம்ப்யூட்டருக்குள் ஏற்கனவே இறங்கிய படத்தைத் திறப்பது மட்டும்தான் அவற்றின் வேலை. கிட்டங்கி ஆள் படகுக்குப் போவதில்லை. அதைப்போலத்தான். அவற்றின் முன் உட்கார்ந்து மணிக்கணக்கில் கேமராவைத் தேடுவது வீண். முதலில் படத்தைக் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டருக்குள் நகல் எடுக்க வேண்டும். பிறகு சாஃப்ட்வேரில் அந்த ஃபோல்டரைத் திறக்க வேண்டும். ஃபோல்டர் என்பது வீட்டில் பத்திரங்களை வைக்கிற பை மாதிரி.

கார்டைக் கழற்றலாம்

வயரோடு மல்லுக்கட்டுவதைவிட எளிய வழி ஒன்று இருக்கிறது. கேமராவை ஆஃப் செய்யுங்கள். மெமரி கார்டை வெளியே எடுங்கள். கார்டு ரீடர் என்று ஒரு சிறு பொருள் கடையில் கிடைக்கும். கார்டை அதில் செருகி, அதைக் கம்ப்யூட்டரில் செருகுங்கள். கேமரா என்ன மொழி பேசினால் என்ன? இப்போது கேமராவே நடுவில் இல்லை. ஸ்டுடியோக்காரர்களில் பலர் இப்படித்தான் செய்கிறார்கள். கேமராவின் பாட்டரியும் மிச்சம்.

கார்டைத் திறந்தால் 'டி.சி.ஐ.எம்.' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். டிஜிட்டல் கேமரா இமேஜஸ் என்பதன் சுருக்கம் அது. எந்தக் கம்பெனியின் கேமராவாக இருந்தாலும் பெயர் இதுவே. எப்படி? 1998-இல் ஜப்பானில் இதற்கு ஒரு விதி வகுத்தார்கள். படங்களை இந்தப் பெயருள்ள ஃபோல்டருக்குள்தான் வைக்க வேண்டும். உள்ளே இருக்கிற ஃபோல்டர்களுக்கு 100 முதல் 999 வரை எண் இருக்க வேண்டும். ஒவ்வொரு படத்தின் பெயரும் நாலு எழுத்தும் நாலு எண்ணும் கொண்டிருக்க வேண்டும். எண் 0001-இல் தொடங்கும். 9999-இல் முடியும். பிறகு மறுபடி 0001. அதனால் பழைய படமும் புதிய படமும் ஒரே பெயரில் இருக்கக் கூடும். ஒரே ஃபோல்டரில் இரண்டையும் போட்டால் ஒன்றின் மேல் ஒன்று ஏறிவிடும். பழையது அழிந்துவிடும். ஒவ்வொரு விசேஷத்துக்கும் தனி ஃபோல்டர் வைப்பது இதற்காகத்தான். பெயரைத் தமிழிலேயே எழுதலாம். 'தங்கை கல்யாணம்' என்று எழுதினால் போதும்.

திரை கேட்ட கேள்வி

அண்ணன் கார்டைக் கழற்றினான். வீட்டில் கிடந்த பழைய கார்டு ரீடரில் செருகினான். திரையில் ஒரு கேள்வி வந்தது. ஆங்கிலத்தில் இருந்தது. இந்த டிஸ்கைப் பயன்படுத்த வேண்டுமானால் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யலாமா என்று கேட்டது. கீழே இரண்டு பொத்தான்கள் இருந்தன. ஒன்று செய் என்பதற்கு. மற்றது வேண்டாம் என்பதற்கு. ரயிலுக்கு இன்னும் மூன்று மணி நேரம்தான். அவன் மவுஸை முதல் பொத்தானுக்குக் கொண்டு போனான். போன் இன்னும் காதில்தான் இருந்தது.

"சேட்டா, ஃபார்மட் பண்ணவான்னு கேக்குது. பண்ணிடவா?"

"அய்யோ, கையை எடு! வேண்டாம்னு அமுக்கு. கார்டைக் கழற்றிக்கிட்டு இங்கே வா."

ஃபார்மட் என்றால் துடைத்துப் புதிதாக்குவது என்று பொருள். சிலேட்டைத் துடைப்பது போல. 600 படமும் போயிருக்கும். கல்யாணத்தை மறுபடி நடத்திப் படம் எடுக்க முடியுமா?

கம்ப்யூட்டர் ஏன் அப்படிக் கேட்டது? கார்டில் தவறு இல்லை. அது 64 ஜி.பி. கார்டு. 32 ஜி.பி.க்கு மேற்பட்ட கார்டுகள் வேறு முறையில் படத்தை அடுக்கி வைக்கும். பழைய ரீடருக்கும் பழைய கம்ப்யூட்டருக்கும் அந்த அடுக்கு தெரியாது. தெரியாததைப் பார்த்ததும் அது காலி என்றோ கெட்டுப்போனது என்றோ நினைத்துக்கொள்ளும். துடைத்துத் தரவா என்று கேட்கும். தெரியாது என்று ஒப்புக்கொள்ள அதற்குத் தெரியாது.

இந்தக் கேள்வி எப்போது வந்தாலும் வேண்டாம் என்றே சொல்ல வேண்டும். கார்டை வேறு ரீடரிலோ வேறு கம்ப்யூட்டரிலோ போட்டுப் பார்க்க வேண்டும். தவறி அமுக்கிவிட்டால்? அந்தக் கார்டில் அதன் பிறகு ஒரு படம்கூட எடுக்கக் கூடாது. கேமராவிலிருந்து கழற்றித் தனியே வைக்க வேண்டும். துடைத்த பிறகும் சில நேரம் பழைய படம் அடியில் இருக்கும். அதை மீட்கிற சாஃப்ட்வேர் உண்டு. புதிய படம் மேலே ஏறிவிட்டால் பழையது திரும்பாது.

எர்ணாகுளம் மாவட்டத்தில் 1989-இல் எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. 1990 பிப்ரவரி 4-ஆம் தேதி, இந்தியாவிலேயே முழு எழுத்தறிவு பெற்ற முதல் மாவட்டம் என்று அதை அறிவித்தார்கள். மட்டாஞ்சேரி அந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. அன்று ரேஷன் கார்டைப் படிக்கவும் பஸ் போர்டைப் படிக்கவும் கையெழுத்துப் போடவும் கற்றுக்கொண்டார்கள். படிக்காமல் கைநாட்டு வைத்து நிலத்தை இழந்தவர்களின் கதை அப்போது எல்லோருக்கும் தெரியும். இன்று திரையில் வரும் கேள்வியும் அப்படிப்பட்ட பத்திரம்தான். விரல் வைக்கிற இடம் மட்டும் மாறியிருக்கிறது. 2025 ஆகஸ்ட் 21-இல் கேரளம் முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று அறிவிக்கப்பட்டது. 21 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். எர்ணாகுளம் மாவட்டத்தில் நூறு வயதைத் தாண்டிய ஒரு பெரியவரும் போனில் பழகிக்கொண்டார். பயிற்சி பெற்றவர்களுக்கும் திரை புதுப்புதுக் கேள்விகளைக் கேட்டுக்கொண்டேதான் இருக்கும்.

அண்ணன் ஸ்டுடியோவுக்கு ஓடினான். அங்கே புதிய ரீடர் இருந்தது. கார்டு உடனே திறந்தது. 600 படமும் பத்திரமாக இருந்தன.

படம் வந்தது, திறக்கவில்லை

ஆனாலும் ஒரு சிக்கல் இருந்தது. ஒவ்வொரு படமும் இரண்டு ஃபைலாக இருந்தது. ஒன்று திறந்தது. மற்றது திறக்கவில்லை.

பெரிய கேமராக்கள் படத்தை இரண்டு விதமாகப் பதியும். ஒன்று ஜேபெக். இது சமைத்த சாதம். எந்தக் கம்ப்யூட்டரும் எந்தப் போனும் இதைத் திறக்கும். இன்னொன்று ரா. இது அரிசி. கேமராவின் கண் பார்த்த எல்லாவற்றையும் அப்படியே வைத்திருக்கும். வெளிச்சம் கூடக் குறைய இருந்தால் ராவிலிருந்து நன்றாகச் சரிசெய்யலாம். ஆனால் ஒவ்வொரு கம்பெனியின் ராவும் வேறு. ஒரே கம்பெனியின் புதிய மாடலில்கூட மாறும். ஐந்து வருடத்துக்கு முன் வந்த சாஃப்ட்வேருக்கு இந்த வருடக் கேமராவின் ரா தெரியாது. படம் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். சாஃப்ட்வேரைப் புதுப்பித்தால் திறக்கும். புதுப்பிக்க முடியாவிட்டால் ராவை டி.என்.ஜி. என்ற பொது வடிவத்துக்கு மாற்றலாம். இது 2004-இல் வந்தது. மாற்றித் தருகிற சாஃப்ட்வேர் இலவசமாகக் கிடைக்கிறது. பழைய சாஃப்ட்வேர்கள் பலவற்றுக்கு டி.என்.ஜி. புரியும்.

அவசரத்துக்கு ஜேபெக் போதும். கேமரா மெனுவில் 'ரா பிளஸ் ஜேபெக்' என்று வைத்தால் இரண்டும் கிடைக்கும். கார்டு மட்டும் சீக்கிரம் நிறையும். வீட்டு விசேஷத்துக்கு ஜேபெக் மட்டும் வைத்துக்கொண்டாலே போதும். அச்சுப் போட வேறெதுவும் தேவைப்படாது.

ஸ்டுடியோக்காரர் நாலு ஜேபெக் படங்களைத் திறந்தார். மணமக்கள் மாலை மாற்றுகிற படம் கொஞ்சம் இருட்டாக இருந்தது. வெளிச்சம் கூட்டினார். அதைப் பழைய பெயரிலேயே சேமிக்கவில்லை. 'சேவ் ஆஸ்' என்பதை அமுக்கி வேறு பெயர் கொடுத்தார்.

"ஏன் சேட்டா, அதே பேர்ல வச்சா என்ன?"

"நான் திருத்தினது உன் தங்கச்சிக்குப் பிடிக்கலேன்னா? எடுத்த படம் எடுத்தபடியே இருக்கணும்."

படம் அச்சாகி வந்தது. ரயிலுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

கார்டைக் காலி செய்வதற்கு முன்

இறக்கியவுடன் கார்டில் உள்ள படங்களை அழிக்கக் கூடாது. முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். கார்டில் எத்தனை ஃபைல், கம்ப்யூட்டரில் எத்தனை ஃபைல்? இரண்டும் ஒன்றா? அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பத்துப் படத்தைத் திறந்து பார்க்க வேண்டும். சில சமயம் பெயர் வந்திருக்கும், படம் வந்திருக்காது. பாதிப் படம் சாம்பல் நிறமாக நிற்கும். நகல் எடுக்கும்போது வயரை ஆட்டினாலோ பிடுங்கினாலோ இப்படி ஆகும். கம்ப்யூட்டரில் 'இஜெக்ட்' என்று சொல்லிவிட்டுத்தான் கார்டைப் பிடுங்க வேண்டும். மூட்டை இறங்கும்போது கயிற்றை அவிழ்த்தால் என்ன ஆகும் என்று படகுக்காரரைக் கேட்டுப் பாருங்கள்.

பிறகு இன்னொரு நகல் வேண்டும். அதே கம்ப்யூட்டரில் இரண்டு ஃபோல்டரில் வைப்பது இரண்டு நகல் ஆகாது. கம்ப்யூட்டர் கெட்டால் இரண்டும் போகும். ஒரு பென் டிரைவில் போட்டு வேறு வீட்டில் கொடுத்து வைக்கலாம். 2018 ஆகஸ்டில் கேரளத்தில் பெருவெள்ளம் வந்தது. எர்ணாகுளம் மாவட்டத்திலும் பல வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. பெட்டிக்குள் இருந்த கல்யாண ஆல்பங்கள் ஊறிப் போயின. அதே படம் வேறொரு ஊரில் சொந்தக்காரர் வீட்டிலும் இருந்தவர்களுக்கு அது திரும்பக் கிடைத்தது.

இரண்டாவது நகலும் பத்திரமான பிறகு கார்டைத் துடைக்கலாம். அதைக் கம்ப்யூட்டரில் செய்வதைவிடக் கேமராவிலேயே செய்வது நல்லது. கேமரா தனக்கு வேண்டிய அடுக்கில் கார்டைத் தயார் செய்துகொள்ளும். கேமரா மெனுவிலும் அந்தச் சொல் ஃபார்மட் என்றே இருக்கும். அதே கேள்விதான் வரும். கையில் இரண்டு நகல் இருப்பதால் அப்போது முதல் பொத்தானை அமுக்கலாம்.